வீக் ஆசிட்தானே என்று இலேசாக எண்ணலாமா?

சிரம்பான் தெமியாங்கில் சனிக்கிழமை காலைகளில் படிவம் நான்கு மாணவர்களுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். மொத்தம் பதினொரு பேர். சென்ற மாதம் ‘அமிலம், காரம், உப்பு’ பாடத்தைத் தொடங்கியபோது வெண்பலகையில் இரண்டு பெயர்களை எழுதினேன். ஒன்று ஹைட்ரோகுளோரிக் அமிலம், மற்றொன்று ஃபார்மிக் அமிலம். எது ‘அசிட் குவாட்’, எது ‘அசிட் லெமா’ என்று கேட்டேன். பதினொரு பேரும் சரியாகவே சொன்னார்கள். முதலாவது வலிமிகு அமிலம், இரண்டாவது வலிகுறை அமிலம். மனப்பாடம் செய்திருந்தார்கள்.

“சரி, கடையில் விற்கும் போத்தலில் உள்ள ஃபார்மிக் அமிலம் கையில் கொட்டினால் என்ன ஆகும்?” என்றேன்.

முன்வரிசை மாணவி ஒருவர் யோசிக்கவே இல்லை. “ஒண்ணும் ஆகாது சார், அது வீக் ஆசிட்தானே” என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பாட்டியின் இடது முன்கைதான் நினைவுக்கு வந்தது.

பாட்டி முப்பது வருடத்துக்கும் மேலாகப் பால்மரம் வெட்டியவர். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் சும்மா இருக்கவில்லை. சிலியாவ் பக்கம் உறவினர் ஒருவரின் சிறுதோட்டத்தில் கொஞ்சம் மரங்களை வெட்டி, பாலைத் தகரத் தட்டுகளில் ஊற்றி, ‘சூக்கா’ கலந்து உறைய வைத்து, மறுநாள் மெஷினில் கொடுத்து உருட்டி ரப்பர் ஷீட்டாக விற்பார். சூக்கா என்றால் மலாயில் புளிக்காடி, நாம் சமையலுக்கு ஊற்றும் வினிகர். ‘சூக்கா கெத்தா’ என்று சிறுதோட்டக்காரர்கள் சொல்வது வினிகர் அல்ல, ஃபார்மிக் அமிலம். பெயர்தான் சாது.

நான் அப்போது படிவம் ஐந்து. பள்ளி விடுமுறையில் பாட்டிக்கு உதவிக்குப் போயிருந்தேன். நீர் கலக்காத அமிலம் ஒரு பழைய ஆரஞ்சு சாற்றுப் போத்தலில் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்கும்போது என் கை வழுக்கியது. பாட்டியின் முன்கையில் கொட்டிவிட்டது. “தண்ணி ஊத்துடா ஐயா, தண்ணி!” என்று கத்திக்கொண்டே அவர் தொட்டியை நோக்கி ஓடினார். நான் விடவில்லை. நான்தான் வேதியியல் படித்தவன் ஆயிற்றே! அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும். சுண்ணாம்பு காரம். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, கையைப் பிடித்து நிறுத்தி, சுண்ணாம்பை அள்ளி அப்பினேன். நடுநிலையாக்கம்!

சிகிச்சைக்குப் போன இடத்தில் மருத்துவ உதவியாளர் முதலில் கேட்டது, “சுண்ணாம்பு வைத்தது யார்?” என்றுதான். பாட்டி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்தக் காயம் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. தழும்பு கடைசிவரை இருந்தது. அந்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வில் வேதியியலில் எனக்கு ‘ஏ’ கிடைத்தது.

இதைச் சொல்ல இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குச் சரியான விடை தெரிந்திருந்தது. பாடம் படித்த எனக்கு அது தெரியவில்லை. சமன்பாடு தப்பில்லை. நான் படித்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதே ஓட்டை இன்றும் தெமியாங்கில் என் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் இருக்கிறது என்பதுதான் என் கவலை.

குழப்பம் எங்கே பிறக்கிறது? மாமாக் கடையில். ‘ஸ்ட்ராங்கா ஒரு டீ’ என்கிறோம், ‘தே தாரிக் கௌ’ என்கிறோம். அங்கே ஸ்ட்ராங் என்றால் தேயிலை கூடுதல், தண்ணீர் குறைவு. வேதியியலில் அதற்குப் பெயர் செறிவு, மலாயில் ‘பெக்காட்’. வேதியியல் ‘ஸ்ட்ராங்’ என்று சொல்வது முற்றிலும் வேறு விஷயம். அமிலத்தின் மூலக்கூறுகள் நீரில் கரையும்போது நூற்றுக்கு எத்தனை பிரிந்து ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கின்றன என்பதுதான் அங்கே கேள்வி. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஏறக்குறைய நூறும் பிரிந்துவிடும். ஒரு லிட்டரில் 0.1 மோல் என்ற செறிவுள்ள ஃபார்மிக் அமிலத்தில் நூற்றுக்குச் சுமார் நாலுதான் பிரியும். அதனால் முதலாவதன் பி.எச். மதிப்பு 1, இரண்டாவதன் மதிப்பு 2.4 அளவு.

அப்படியானால் மீதி 96? அங்கேதான் மாணவர்கள் ஏமாறுகிறார்கள். அவை காணாமல் போகவில்லை. கையில் நாலு வெள்ளி, பேங்கில் 96 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பதைச் செலவழித்தால் பேங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தோலோ காரமோ ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கப் பிடுங்க, பிரியாமல் இருந்த மூலக்கூறுகள் பிரிந்துகொண்டே வரும். அதனால்தான் ஒரே அளவு, ஒரே செறிவுள்ள இந்த இரண்டு அமிலங்களையும் நடுநிலையாக்க ஒரே அளவு சோடியம் ஹைட்ராக்சைடு தேவைப்படுகிறது. வலிகுறை அமிலத்துக்குக் குறைவான காரம் போதும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய பேர்.

இனி போத்தலுக்கு வருவோம். சந்தையில் கிடைக்கும் ஃபார்மிக் அமிலம் பெரும்பாலும் 85 முதல் 90 விழுக்காடு வரை செறிவுள்ளது. 90 விழுக்காடு என்றால் ஒரு லிட்டரில் 23 மோலுக்கு மேல். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் தொடும் 0.1 மோல் கரைசலைவிட இருநூறு மடங்குக்கு மேல்! வலிகுறை அமிலம், ஆனால் செறிவு மிக்க அமிலம். தோலை வேகவைக்க அதற்கு நன்றாகவே தெரியும். இந்த அமிலத்தின் பெயரே எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1671-இல் ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் எறும்புகளை வடித்து எடுத்த அமிலத்தைப் பற்றிப் பதிவு செய்தார். ரம்புத்தான் மரம் ஏறியவர்களுக்கு அந்த ஆராய்ச்சி தேவையில்லை. கெரெங்கா எறும்பு கடித்த இடத்தில் பீய்ச்சும் எரிச்சல் நீரும் இதுதான்.

சரி, அமிலங்கள் எத்தனையோ இருக்க, தோட்டங்கள் ஏன் இந்த வலிகுறை அமிலத்தைப் பிடித்துக்கொண்டன? எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது. நம் பாடப் புத்தகங்கள் இதில் அவ்வளவாக நிற்பதில்லை.

பால்மரத்துப் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ரப்பர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துகள்களாக நீரில் மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் சுற்றிப் புரதச் சவ்வு ஒன்று உண்டு. அந்தச் சவ்வின் மேல் எதிர்மின்னேற்றம். எல்லாத் துகள்களும் ஒரே மின்னேற்றம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், ஒட்டாது. அதனால் பால் பாலாகவே இருக்கிறது. அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னேற்றத்தைச் சமன்செய்துவிடும். தள்ளும் விசை போனதும் துகள்கள் மோதும், சவ்வு கிழியும், உள்ளே இருந்த நீண்ட ரப்பர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். உறைந்துவிட்டது! இது நன்றாக நடப்பது பி.எச். 5-க்குச் சற்றுக் கீழே.

நம் முன்னோர் இந்த மரத்தைப் பால்மரம் என்றும், இறங்குவதைப் பால் என்றும் அழைத்தது நிறத்தைப் பார்த்துத்தான். ஆனால் பொருத்தம் நிறத்தோடு நிற்கவில்லை. பசும்பாலில் உறை ஊற்றினால் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. பாலின் கேசின் புரதம் பி.எச். 4.6 அளவில் தன் மின்னேற்றத்தை இழந்து தயிராகிறது. வீட்டில் அம்மா தயிர் உறைய வைப்பதும் பாட்டி தகரத்தில் ரப்பரை உறைய வைத்ததும் அடிப்படையில் ஒரே வேதியியல்தான்.

இப்போது கந்தக அமிலம் போன்ற வலிமிகு அமிலத்தை அளவு மீறிக் கொட்டினால் பி.எச். அந்த எல்லையைத் தாண்டி வேகமாகக் கீழே போய்விடும். புரதச் சவ்வு நேர்மின்னேற்றம் பெற்று, துகள்கள் மறுபடியும் ஒன்றையொன்று தள்ளத் தொடங்கலாம். அமிலம் கூடிப்போய் உறையாமல் போகும் வேடிக்கை இது. வலிகுறை அமிலத்தில் கை கொஞ்சம் முன்பின் ஆனாலும் பி.எச். அவ்வளவு சீக்கிரம் பாதாளத்துக்கு இறங்காது. அதோடு ஷீட்டைக் காயவைத்துப் புகை போடும்போது மிச்ச ஃபார்மிக் அமிலம் ஆவியாகிப் போய்விடும். கந்தக அமிலம் ஆவியாகாது; ரப்பரிலேயே தங்கி அதன் தரத்தைக் கெடுக்கும், ஆலை இயந்திரங்களையும் அரிக்கும். விலை குறைவு என்று அதை ஊற்றும் சிறுதோட்டக்காரர்கள் உண்டு. அவர்கள் சேமிக்கும் காசு பிறகு தரத்தில் போய்விடுகிறது.

பாட்டிக்குப் பி.எச். தெரியாது. ஆனால் “சூக்கா கூடினா ஷீட்டு கல்லு மாதிரி ஆயிடும், மெஷின்ல ஓடாது, கொறஞ்சா காலையில கொழகொழன்னு கெடக்கும்” என்பார். மழைக்கால ஈரத்தில் பால் ஆலைக்குப் போகும் முன்பே மங்கில் கட்டிவிடும் என்பதும், அதைத் தடுக்க வாளியில் சில சொட்டு அம்மோனியா விட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். காற்றிலுள்ள பாக்டீரியா பாலில் அமிலத்தை உண்டாக்குகிறது. அம்மோனியா அந்த அமிலத்தை நடுநிலையாக்குகிறது, பாக்டீரியாவையும் வளரவிடாமல் செய்கிறது. அம்மோனியா கூடுதலாகப் போட்ட பாலை உறைய வைக்கப் பிறகு சூக்காவும் கூடுதலாக வேண்டும் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். பியூரெட்டும் பிப்பெட்டும் இல்லாமல் அந்த ஸ்டோரில் தினமும் டைட்ரேஷன் நடந்திருக்கிறது.

இதையெல்லாம் நம் பிள்ளைகள் படிக்காமல் இல்லை. அமிலமும் காரமும் படிவம் நான்கில் வருகின்றன. ரப்பர் பால் உறைவது படிவம் ஐந்தில் ‘பாலிமர்’ என்ற தலைப்பில் வருகிறது. இடையில் ஓர் ஆண்டு. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதைப் பல மாணவர்கள் கவனிப்பதே இல்லை. என் கருத்து இதுதான்: நெகிரி செம்பிலானிலாவது அமிலப் பாடத்தை லிட்மஸ் தாளில் தொடங்காமல் ரப்பர் பாலில் தொடங்க வேண்டும். லிட்மஸ் தாள் ‘அமிலமா, காரமா’ என்ற ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்லும். ‘எவ்வளவு?’ என்ற கேள்வியை அது எழுப்புவதே இல்லை. ரப்பர் பாலோ முதல் நாளே அந்தக் கேள்வியைக் கேட்கும். நான் சுண்ணாம்பு அப்பியதற்குக் காரணம் எந்தப் பொருள் என்று தெரிந்ததும், எவ்வளவு என்று தெரியாததும்தான்.

இதற்கு நண்பர் ஒருவர் மறுப்புச் சொன்னார். அவரும் ஆசிரியர்தான். “பிள்ளைகளைத் தோட்டத்தைவிட்டு வெளியே கொண்டுவரத்தானே பெற்றோர் படாதபாடு பட்டார்கள், நீங்கள் மறுபடியும் அவர்களைப் பால்வாளி பக்கம் கூட்டிப்போகிறீர்களே” என்றார். அவர் சொல்வதில் வலி இருக்கிறது. பால்வெட்டுக்காரன் பிள்ளை என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர் அவர். ரந்தாவ், லாபு பக்கமெல்லாம் இருந்த ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறி வருடங்கள் ஆகிவிட்டன. என் மாணவர்களில் பலர் பால் இறங்கும் மரத்தைப் பக்கத்தில் பார்த்ததில்லை. ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. வேதியியல் யாரோ வெள்ளை அங்கி போட்டவர்களின் சொத்து, நமக்கு வராது என்று பயந்து அறிவியல் பிரிவையே விட்டுப்போகும் நம் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்களுடைய பாட்டிமார் அதைக் கையால் செய்தவர்கள் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்வதில் என்ன குறைந்துவிடும்?

மேலும், இது பழைய கதையும் அல்ல. மலேசியா உலகுக்கு அனுப்பும் ரப்பர் கையுறைகளில் இயற்கை ரப்பரில் செய்பவற்றுக்கான பாலைக் கெடாமல் வைத்திருப்பது இன்றும் அம்மோனியாதான். நாட்டின் ரப்பர் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறுதோட்டக்காரர்கள் கையில் இருக்கிறது. ஜெலுபுவிலும் கோலப்பிலாவிலும் சூக்கா இன்றும் வீட்டுப் பின்புறத்தில் இருக்கும் பொருள். பெரும்பாலும் குடிதண்ணீர் போத்தலில், லேபிள் இல்லாமல். எங்கள் வீட்டு ஆரஞ்சு சாற்றுப் போத்தலைப் போல.

ஆகவே படித்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் முதலில் செய்ய வேண்டியது அந்தப் போத்தலை மாற்றுவது. குடிக்கும் பொருள் இருந்த போத்தலில் அமிலத்தை ஊற்றி வைக்கக் கூடாது. பெயர் எழுதி, சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கலக்கும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. மேலே கொட்டிவிட்டால் துணி, வளையல், கைக்கடிகாரத்தை உடனே கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு மருத்துவமனை. சுண்ணாம்பு வேண்டாம், சோடா மாவு வேண்டாம், பற்பசையும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்கு விடை உங்கள் படிவம் ஐந்து புத்தகத்திலேயே இருக்கிறது. நடுநிலையாக்கம் வெப்பத்தை வெளியிடும் வினை. வலிமிகு அமிலமும் வலிமிகு காரமும் சேர்ந்து ஒரு மோல் நீர் உருவாகும்போது சுமார் 57 கிலோஜூல். வலிகுறை அமிலமானால் சற்றுக் குறைவு. அந்தச் சூடு வெந்த தோலிலேயே இறங்கும். சுண்ணாம்பின் தெளிந்த நீருக்கே பி.எச். 12-க்கு மேல். அமிலம் சுட்ட இடத்தைக் காரமும் சுடும். பசைபோல் அப்பினால் அடியில் இருக்கும் அமிலம் கழுவப்படாமல் அங்கேயே தங்கும். தண்ணீர் மட்டும்தான் ஒரே நேரத்தில் நீர்க்கவும் செய்யும், குளிரவும் வைக்கும், அடித்துக்கொண்டும் போகும்.

தேனீ கொட்டினால் சோடா மாவு, குளவி கொட்டினால் வினிகர் என்று பயிற்சிப் புத்தகங்களில் வரும் கேள்வியைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. தேனீ விஷத்தின் வலி முக்கியமாக அதிலுள்ள புரத வகைப் பொருள்களால் வருவது. தோலுக்குள் இறங்கிய அந்தத் துளியை மேலே பூசும் மாவு போய்த் தேடிப் பிடிக்காது. தேர்வுக்காக அதை எழுதலாம். வீட்டில் நம்ப வேண்டாம்.

அன்றைய வகுப்பில் பாட்டியின் கதையைச் சொன்னேன். பிறகு ஒரு கணக்குக் கொடுத்தேன். 90 விழுக்காடு ஃபார்மிக் அமிலம் 100 கிராம் இருக்கிறது. அதை 2 விழுக்காடு கரைசலாக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 4.4 கிலோ என்று விடை வந்ததும் வகுப்பு கொஞ்சம் அமைதியானது. ஒரு சின்னக் கிண்ணம் அமிலத்துக்கு அரை வாளித் தண்ணீரா என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டுப் பாடமாக, பால்மரம் வெட்டிய பெரியவர் யாராவது குடும்பத்தில் இருந்தால் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு வரச் சொன்னேன்: பால் ஏன் கட்டுகிறது, கட்டாமல் இருக்க என்ன செய்வீர்கள், சூக்காவை எப்படிக் கலப்பீர்கள்.

அடுத்த சனிக்கிழமை எழுதிக்கொண்டு வந்தவர்கள் நாலு பேர்தான். “வீக் ஆசிட்தானே” என்ற அந்த மாணவி அவர்களில் ஒருவர். அவருடைய பாட்டி ரந்தாவ் பக்கத் தோட்டமொன்றில் வெட்டியவராம். மூன்று கேள்விக்கும் விடை எழுதியிருந்தார். அதற்குக் கீழே, கேட்காத ஒன்றையும் பாட்டி சொன்னபடியே எழுதியிருந்தார்: “மங்கையும் வாளியையும் அன்னாடம் கழுவணும். பழைய பால் ஒட்டியிருந்தா புதுப் பாலும் சீக்கிரம் புளிச்சுக் கட்டிக்கும்.”

“சார், இது பாக்டீரியாவா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “இது எஸ்.பி.எம்.ல வருமா?” என்று அடுத்த கேள்வி. படிவம் ஐந்து புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். பாட்டிக்குக் காட்டவாம்.